சேலத்திலும் ஏற்காட்டிலும் சர்வர் ஓட்டுவோருக்கு: மின்சாரம், பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவுளிக் கடையின் பில்லிங் சர்வர், பள்ளிக்கூடத்து லேப், மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் சேரும் பெட்டி, ஏற்காட்டு விடுதியின் சிசிடிவி ரெக்கார்டர் என்று ஒன்று முதல் பத்து இயந்திரங்களை ஓர் அறையில் வைத்து ஓட்டுபவர்களுக்காக எழுதியது இது. வயரிங்கில் கை வைக்கும் வேலை எதுவானாலும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் செய்து முடித்ததை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதையே கீழே சொல்கிறோம்.

கரண்ட் போவதுதானே பிரச்சினை? நல்ல யூபிஎஸ் ஒன்று வாங்கினால் போதாதா?

போதாது. கரண்ட் போனால் சர்வர் அணையும். பெரும்பாலும் திரும்ப எழுந்துவிடும். சர்வரைக் கொல்வதும் ஆளைக் கொல்வதும் வேறு மூன்று: எர்த் இல்லாதது, நியூட்ரல் அறுந்தது, தளர்ந்த ஜாயின்ட். இவற்றில் எதையும் யூபிஎஸ் சரிசெய்யாது. எர்த் இல்லாத சாக்கெட்டில் 50,000 ரூபாய் யூபிஎஸ்ஸைச் செருகினால் அதன் பாடியிலும் சேர்த்து ஷாக் அடிக்கும், அவ்வளவுதான். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் எர்த் குழி, பிறகு யூபிஎஸ்.

ரேக்கைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. சர்வர் பழுதா?

சர்வரில் பழுது இல்லை, எர்த் வரவில்லை. ஒவ்வொரு பவர் சப்ளைக்குள்ளும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து பாடிக்கு. எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடி இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் தொங்கும். ஒரு சர்வர் என்றால் கசிவு 1 மில்லியாம்பியர் அளவு, சுர்ரென்று மட்டும் இருக்கும். பத்து சர்வர் ஒரே இரும்பு ரேக்கில் இருந்தால் எல்லாம் கூடி 10 மில்லியாம்பியர் ஆகிவிடும். பிடித்த கையை விட முடியாமல் போகும் அளவு ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் மாட்டியிருக்கிறார்களா, எர்த் முள்ளை ஒடித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ரப்பர் பாய் விரித்துவிட்டு ஓட்டுவது தீர்வாகாது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டெஸ்டரை நம்பாதீர்கள், மல்டிமீட்டர் வேண்டும், மெயின்ஸில் அளக்கத் தகுந்த கேட் 3 வகை. எர்த் துளை மேலே இருக்கும்படி சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி. 6 சதவீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை இருக்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, லோடு ஓடும்போது, 2 வோல்ட்டுக்குள்.

ஃபேஸ்–எர்த் 150, 90 என்று எங்கோ நின்றால் எர்த் வயர் அறுந்திருக்கிறது. நியூட்ரல்–எர்த் 10, 15 என்று காட்டினால் நியூட்ரல் ஜாயின்ட் தளர்ந்திருக்கலாம், வயர் மெல்லியதாக இருக்கலாம், எர்த் மோசமாக இருக்கலாம்.

லோடு ஓடும்போதும் நியூட்ரல்–எர்த் மிகச் சரியாக 0.0 காட்டினால் மகிழ்ச்சி அடையாமல் சாக்கெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். சிலர் எர்த் குழி தோண்டும் செலவை மிச்சம் பிடிக்க, சாக்கெட்டின் பின்பக்கம் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயர் போட்டு லூப் செய்துவிடுகிறார்கள். மீட்டரில் எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் என்றைக்கு அந்த நியூட்ரல் அறுகிறதோ, அந்த நொடியில் ரேக் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். இங்கே சொல்லும் தவறுகளிலேயே மிகக் கொடியது இதுதான். எங்கே கண்டாலும் மெயினை அணைத்துவிட்டு அன்றே எடுக்கச் செய்யுங்கள்.

ஏற்காட்டில் இரண்டடி தோண்டினாலே பாறை. எர்த்தின் ஓம் அளவு இறங்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையும் அதன் மேல் பாக்சைட்டும் கொண்டது. பாறை கரண்டை எளிதில் கடத்தாது. ஒரே இடத்தில் ஆழமாகப் போக முயல்வதைவிட அகலமாகப் போவது நல்லது. மண் தேங்கியிருக்கும் பள்ளமான, ஈரம் நிற்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று எலக்ட்ரோடுகளை (மண்ணில் புதைக்கும் உலோகப் பைப்) ஒன்றோடொன்று இணைத்துப் போடுங்கள். 3 மீட்டர் பைப் என்றால் ஒன்றுக்கும் மற்றதற்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டும். நெருக்கிப் போட்டால் இரண்டு போட்டதன் பலன் கிடைக்காது. பைப்பே இறங்காத இடத்தில் ஜிஐ பட்டையை அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் கட்டடத்தைச் சுற்றிக் கிடையாகப் புதைக்கலாம். சுற்றிலும் பென்டோனைட் களிமண் நிரப்பினால் ஈரம் பிடித்து வைக்கும். கரியும் உப்பும் போட்ட பழைய முறையும் வேலை செய்யும். ஆனால் உப்பு மழையில் கரைந்து போகும், பைப்பையும் அரிக்கும். கீழே சேலத்தில் மார்ச் முதல் மே வரை அந்தக் குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சர்வருக்கென 1 ஓம் வந்தால் சிறப்பு. மலையில் 5 ஓமுக்குள் கொண்டுவருவதே பாடு. அப்போது ஒரு கணக்கை மறக்காதீர்கள்: 5 ஓம் எர்த் வழியாக 230 வோல்ட் தள்ளக்கூடியது 46 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (அதிகக் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்) உடனே ட்ரிப் ஆக 160 ஆம்பியர் வரை கேட்கும். ஆக, பாடியில் ஃபேஸ் பட்டாலும் எம்சிபி அசையாமல் நிற்கலாம். சிறு கசிவைக் கண்டதுமே லைனை அறுக்கும் ஆர்சிசிபி கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

சர்வருக்கு மட்டும் தனி எர்த் போட்டு, கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் விடச் சொல்கிறார்களே?

தனிக் குழி போடலாம். சேர்க்காமல் விடக் கூடாது. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது பாயும் வழி உங்கள் சர்வரும் அதன் லேன் கேபிளும்தான்.

ஒரே நொடியில் யூபிஎஸ், சுவிட்ச், டிவி எல்லாம் எரிந்துவிட்டன. ஹை வோல்டேஜ் எங்கிருந்து வந்தது?

மூன்று ஃபேஸ் சர்வீஸில் நியூட்ரல் அறுந்திருக்கும். நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸுக்கும் 230. அது விட்டுப்போனால் இரண்டு ஃபேஸின் லோடுகள் 400 வோல்ட்டுக்கு இடையே வரிசையாக மாட்டிக்கொள்ளும். அதிக லோடு உள்ள பக்கம் வோல்டேஜ் சரியும், குறைந்த லோடு உள்ள பக்கம் 300, 350 என்று ஏறி 400ஐ நெருங்கும். ஏசி ஓடும் ஃபேஸ் தப்பித்து, சிறிய ரவுட்டரும் சுவிட்ச்சும் இருக்கும் ஃபேஸ் எரிவது இப்படித்தான். பாதி விளக்கு கண்ணைப் பறிக்கும்படி எரிந்து பாதி விளக்கு மங்கினால், யோசிக்காமல் மெயினை அணையுங்கள். கம்பத்தில் அறுந்ததென்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் கொடுக்கலாம்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை: நியூட்ரலில் ஃப்யூஸ் இருந்தால் எடுத்துவிட்டு லிங்க் போடுங்கள். அலுமினிய சர்வீஸ் வயரும் செம்பு வயரும் சேரும் இடத்தில் இரு உலோக லக் இருக்க வேண்டும். வெறுமனே முறுக்கிய ஜாயின்ட் அரித்துக்கொண்டே போய் ஒரு நாள் விட்டுவிடும். மெயின் போர்டில் ஓவர், அண்டர் வோல்டேஜ் ரிலேயைக் கான்டாக்டருடன் மாட்டி, மேலே 265, கீழே 170 என்று வைத்து, கரண்ட் திரும்பியபின் 3 நிமிடம் கழித்து இணைக்கும்படி அமையுங்கள்.

பக்கத்தில் தறி ஓடத் தொடங்கினால் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது. வோல்டேஜ் இறங்குவதாலா?

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் எப்போதும் வரும் கேள்வி. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். லைன் வோல்டேஜ் சில நொடி சரியும். ஆனால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதிய பவர் சப்ளை 170 வோல்ட்டில் அணைய வேண்டிய காரணமே இல்லை. முழுதாக அறுந்தால்கூட 12 முதல் 20 மில்லி நொடி வரை தன் கெப்பாசிட்டரை வைத்துத் தாங்கும்.

அப்படியும் அணைந்தால் தளர்ந்த ஜாயின்டைத் தேடுங்கள். பவர் சப்ளை எப்போதும் ஒரே வாட் கேட்கும். வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டிக்கொள்ளும். 900 வாட் லோடு 230 வோல்ட்டில் 3.9 ஆம்பியர், 170 வோல்ட்டில் 5.3 ஆம்பியர். தளர்ந்த இடத்தின் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிடும். பழுத்து மஞ்சளான சாக்கெட், கருகிய வாடை, தொட்டால் சுடும் பிளக் ஆகியவை சொல்வது இதைத்தான். ஸ்பைக் பஸ்டருக்குள் ஸ்பைக் பஸ்டரைச் செருகியிருந்தால் இன்றே பிரியுங்கள். சர்வருக்குத் தனி லைன்: 16 ஆம்பியர் எம்சிபி, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். தொடர்ந்து ஓடும் லோடு என்பதால் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம், அதாவது 12.8 ஆம்பியர், சுமார் 2,900 வாட். ஏசி இந்த லைனில் வரவே கூடாது.

எந்த வகை யூபிஎஸ்? வீட்டு இன்வர்ட்டர் போதுமா?

ஒற்றைச் சர்வருக்கு, வோல்டேஜ் நிலையாக உள்ள இடத்தில், லைன் இன்டராக்டிவ் (கரண்ட் போனால் மட்டும் பேட்டரிக்கு மாறும் வகை) போதும். மாறும் நேரம் 4 முதல் 10 மில்லி நொடி. தறி, ஜவ்வரிசி ஆலை, வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் ஆன்லைன் யூபிஎஸ் (எப்போதும் தன் இன்வர்ட்டர் வழியாகவே கரண்ட் கொடுக்கும் வகை) வாங்குங்கள். லைன் இன்டராக்டிவ் அங்கே நாளைக்கு நூறு தடவை பேட்டரிக்குப் போய் வந்து பேட்டரியைத் தின்றுவிடும். சதுர அலை இன்வர்ட்டரைச் சர்வருக்குக் கொடுக்காதீர்கள். இன்றைய பவர் சப்ளைகளின் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும்) சர்க்யூட்டுக்கு அது ஆகாது.

எத்தனை கேவிஏ, எத்தனை பேட்டரி?

பவர் சப்ளையில் எழுதிய 750 வாட் என்பது அதன் உச்சவரம்பு. உண்மை லோடு அதில் பாதிகூட இருக்காது. சர்வரின் ஐடிராக், ஐலோ (டெல், ஹெச்பி சர்வர்களின் நிர்வாகப் பக்கம்) திரையில் வாட் தெரியும். இல்லாவிட்டால் செருகு வாட்மீட்டர் வைத்து, பேக்கப் ஓடும் நேரத்தில் அளங்கள்.

உதாரணமாக இரண்டு சர்வர் 400 வாட் வீதம், ஒரு நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) 60, சுவிட்ச் 30, ரவுட்டர் 15 என்றால் மொத்தம் 905 வாட். 2 கேவிஏ, 1,800 வாட் யூபிஎஸ் பாதி லோடில் நிம்மதியாக ஓடும். அதற்கு 72 வோல்ட், அதாவது 12 வோல்ட் 26 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி ஆறு. பெருக்கினால் 1,872 வாட் மணி. ஒரு மணி நேரத்தில் காலியாக்கும்போது அதில் 60 சதவீதம்தான் கிடைக்கும். இன்வர்ட்டர் இழப்பும் போக ஏறத்தாழ 990 வாட் மணி மிஞ்சும். புதிதில் ஒரு மணி நேரம், பழகியபின் 50 நிமிடம். பகல் முழுக்க நீளும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை இதை வைத்துத் தாண்ட நினைக்காதீர்கள். அதற்கு ஜெனரேட்டர், அல்லது முறையாக அணைத்து வைப்பது. சர்வர் ஓடி ஏசி நின்றால் 905 வாட் சூடும் அறைக்குள்தான் தேங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பேட்டரி இரண்டு வருடம்கூட வரவில்லையே?

சூடு. எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பேட்டரியின் ஆயுளை 25 டிகிரிக்குச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். சேலத்துச் சித்திரை வெயிலில், மொட்டை மாடி அறையில், 35 டிகிரியில் நிற்கும் பேட்டரி ஐந்து வருடத்துக்குப் பதில் இரண்டரை வருடம் உழைத்தால் அதுவே நியாயம். பேட்டரியை ஏசி அறைக்குள்ளோ குளிர்ந்த தரைத் தளத்திலோ வையுங்கள். ஃப்ளோட் வோல்டேஜ் (முழுதாக நிரம்பியபின் சார்ஜர் கொடுத்துக்கொண்டிருக்கும் அளவு) ஒரு பேட்டரிக்கு 13.5 முதல் 13.8 வரை இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகினால் அது போய்க்கொண்டிருக்கிறது. வயிறு உப்பியிருந்தால், அழுகிய முட்டை வாடை வந்தால், சார்ஜை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பழைய செட்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். செட்டாகவே மாற்ற வேண்டும். மாற்றும்போது மோதிரம், வாட்ச், காப்பு கழற்றுங்கள். 16 பேட்டரி வரிசை 192 வோல்ட் டிசி. யூபிஎஸ்ஸை அணைத்தாலும் அது அங்கேயே இருக்கும்.

யூபிஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் கரண்ட் வந்த பிறகு சர்வர் தானாக எழவில்லை?

இது நிறையப் பேரை விடுமுறை நாளில் கடைக்கு ஓட வைக்கும் பிரச்சினை. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைச் சர்வரில் மாட்டி, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருள் போட்டு, பேட்டரி குறைந்ததும் சர்வர் முறையாக அணைகிறது. அணைந்து முடிந்த நேரத்தில் கரண்ட் திரும்பிவிடுகிறது. யூபிஎஸ் அவுட்புட் ஒரு நொடியும் அறுபடவில்லை. “கரண்ட் வந்தால் எழு” என்று பயாஸில் வைத்திருந்தும் பயனில்லை, ஏனென்றால் சர்வரின் கண்ணில் கரண்ட் போகவே இல்லை.

இரண்டும் சேர்ந்து அமைய வேண்டும். பயாஸில் ஏசி ரெக்கவரியை (மெயின் கரண்ட் திரும்பும்போது என்ன செய்வது என்ற அமைப்பு) “பவர் ஆன்” என்று வையுங்கள். நட் அணைப்பின் கடைசிப் படியில் கில்பவர் கட்டளை யூபிஎஸ்ஸுக்குப் போக வேண்டும்; அது 20 நொடியில் அவுட்புட்டை அறுத்து, கரண்ட் இருந்தால் சிறிது இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுக்கும். மற்ற சர்வர்கள் இணைப்பை விட்டு விலக முதன்மை இயந்திரம் காத்திருக்கும் நேரம் இயல்பாக 15 நொடிதான். விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் பெட்டிக்கு அது பற்றாது. 120 அல்லது 180 ஆக்குங்கள். பழைய பேட்டரியில் “லோ பேட்டரி” எச்சரிக்கை வந்த அடுத்த நொடியே எல்லாம் இருண்டுவிடும். எனவே கரண்ட் போய் 10 நிமிடம் ஆனதும் அணைக்கத் தொடங்கும்படி டைமர் வைப்பதே நல்லது.

சோதிக்கும்போது யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்காதீர்கள். எர்த்தும் சேர்ந்து போய்விடும். எம்சிபியை இறக்கிச் சோதியுங்கள்.

ஆர்சிசிபி காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது. எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். இரண்டு பவர் சப்ளை கொண்ட சர்வருக்கு 2 மில்லியாம்பியர் கசிவு என்று வைத்தால் எட்டு சர்வரில் 16 ஆகிவிடும். பழுதில்லாமலே விழுவது இதனால்தான். ஒன்றின் கீழ் கசிவு 9 மில்லியாம்பியரைத் தாண்டாதபடி இரண்டு மூன்று ஆர்சிசிபியாகப் பிரியுங்கள். ஏ வகை (டிசி கலந்த கசிவையும் உணர்வது) வாங்குங்கள்.

கரண்ட் திரும்பும் நொடியில் எம்சிபி விழுகிறதே?

எல்லாச் சர்வரும் ஒன்றாகக் கெப்பாசிட்டரை நிரப்புகின்றன. பி வகை (குறைந்த கரண்டிலேயே விழும்) எம்சிபி என்றால் சி வகைக்கு மாற்றுங்கள்.

கோடை மழை இடியிலிருந்து எப்படிக் காப்பது?

மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி (திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி). கூரையில் இடிதாங்கி இருந்தால் டைப் 1ம் வேண்டும். ஃபேஸிலிருந்து எஸ்பிடிக்கும் அங்கிருந்து எர்த் பட்டைக்கும் போகும் வயர் மொத்தம் 50 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் சுற்றி வளைத்து விட்டால் எஸ்பிடி இருந்தும் பாதிப் பயன்தான். எஸ்பிடியின் மேல் இருக்கும் சிறு ஜன்னலின் நிறம் பச்சையிலிருந்து சிவப்பாகிவிட்டதா என்று ஒவ்வொரு இடிமழைக்குப் பிறகும் பாருங்கள்.

மலையில் பெரும்பாலும் பவர் வயர் வழியாக அல்ல, லேன் கேபிள் வழியாகவே அடி விழுகிறது. எஸ்டேட் பங்களாவிலிருந்து ஆபீசுக்கு, கேட்டில் இருக்கும் கேமராவுக்கு என்று கட்டடம் விட்டுக் கட்டடம் செம்பு லேன் இழுக்காதீர்கள். ஃபைபர் போடுங்கள். அதிலும் இரும்புக் கவசம் உள்ள ஃபைபர் என்றால் அந்தக் கவசத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுவராமல் நுழையும் இடத்திலேயே எர்த் செய்யுங்கள். இடி இடிக்கும்போது ஓடிப்போய் வயரைப் பிடுங்குவது உயிருக்கு ஆபத்து.

இரண்டு பவர் சப்ளை இருக்கிறது. இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டலாமா?

மாட்டினால் பவர் சப்ளை பழுதாவதிலிருந்து மட்டும் பாதுகாப்பு. ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றதை வேறு யூபிஎஸ்ஸிலோ ஓவர் வோல்டேஜ் ரிலே உள்ள நேரடி லைனிலோ மாட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் தனியாக முழு லோடையும் தாங்க வேண்டும். சர்வரைத் திறக்கும்போது இரண்டு வயரையும் பிடுங்க மறக்காதீர்கள். பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 390 வோல்ட் அளவுக்குக் கெப்பாசிட்டர் இருக்கும்.

ஜெனரேட்டர் வைத்தால் யூபிஎஸ் அதை ஏற்க மறுக்கிறது. ஏன்?

சிறிய போர்ட்டபிள் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. யூபிஎஸ் நியூட்ரல்–எர்த் இடையே நூறு வோல்ட்டுக்கு மேல் பார்த்து வயரிங் பழுது என்று அலறும். ஜெனரேட்டர் பக்கத்தில் நியூட்ரலை எர்த்தோடு ஒரே இடத்தில் இணைத்து, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் (லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சுவிட்ச்) போட வேண்டும். சேஞ்ச் ஓவர் இல்லாமல் சாக்கெட்டில் பின்னாலிருந்து கரண்ட் கொடுத்தால், கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியர் செத்துப்போவார், ஒருபோதும் செய்யாதீர்கள். ஆன்லைன் யூபிஎஸ் கேவிஏவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஜெனரேட்டர் வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் இன்ஜின் சக்தி குறையும். தயாரிப்பாளர் அட்டவணையில் அந்த உயரத்துக்கு உரிய கேவிஏவைப் பார்த்து வாங்குங்கள். அறைக்குள்ளோ ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

ஏற்காட்டில் ஏசியே வேண்டாமே, ஜன்னலைத் திறந்து வைக்கலாமா?

ஏசி பெரும்பாலும் வேண்டாம். ஜன்னல் வேண்டவே வேண்டாம். பனிமூட்டம் நேரே சர்வருக்குள் போகும். ஃபில்டர் வைத்த எக்ஸாஸ்ட் போதும். ஓடும் சர்வர் தன் சூட்டால் ஈரத்தைத் தள்ளி வைக்கும். பல நாள் அணைத்து வைத்த சர்வரில்தான் ஈரம் படியும். மலையிலிருந்து குளிர்ந்த சர்வரை இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்தால் மூன்று நான்கு மணி நேரம் பெட்டியைத் திறக்காமல் வைத்து, பிறகு ஓட்டுங்கள். யூபிஎஸ் 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் குறைத்து ஏற்ற வேண்டும். ஏற்காட்டில் 5 சதவீதம்.

தீப்பிடித்தால், ஷாக் அடித்தால்?

முதலில் மெயின். மெயின் சுவிட்ச் சர்வர் அறைக்கு வெளியே, எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்றைக் கதவுக்கு வெளியே மாட்டுங்கள். ஏபிசி பவுடர் தீயை அணைக்கும், ஆனால் மிஞ்சிய போர்டுகளை அரித்துவிடும். கார்பன் டை ஆக்சைடைக் கதவைத் திறந்து வைத்தபடியே அடியுங்கள், சிறிய அறையில் அந்த வாயு மூச்சை அடைக்கும். பேட்டரி எரிந்தால் போராட வேண்டாம், வெளியேறி 101ஐ அழையுங்கள்.

ஷாக் அடித்தவரை நேரடியாகத் தொடாதீர்கள். மெயினை அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து நடந்தாலும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஈசிஜி எடுங்கள், இதயத் துடிப்பு சில மணி நேரம் கழித்தும் தடுமாறக்கூடும்.